இருட்டுப் பக்கத்து ஆள்

நான் முன்பு வேலை பார்த்த, துணியில் படம் அடிக்கும் பிரிண்டிங் யூனிட் அருள்புரத்தில் இருந்தது. தகரக் கூரை போட்ட நீள ஷெட். சூலூர்ப் பக்கமிருந்து கிளம்பும் போர் விமானம் கூரைக்கு மேலே போனால் தகரம் கடகடவென்று ஆடும். மேஜையில் நிற்கிற நாங்கள் எல்லோரும் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடி அண்ணாந்து பார்ப்போம். பெரும்பாலும் அது போயிருக்கும். சத்தம் மட்டும் பின்னால் வந்துகொண்டிருக்கும்.

அவர் மட்டும் வரமாட்டார். ஷெட்டின் கடைசியில் இருந்த கண்ணாடி அறைக்குள் தலை நிமிராமல் வரைந்துகொண்டிருப்பார். எங்கள் யூனிட்டில் விமானத்தைப் பற்றித் தெரிந்த ஒரே ஆள் அவர்தான்.

நான் யாரிடமும் சட்டென்று பேசிவிடுகிறவன் இல்லை. ஆனாலும் ஒருநாள் மை டப்பாவைக் காட்டப் போனபோது கேட்டுவிட்டேன்.

"நீங்க பாக்க வரலியா மேடம்?"

"கீழ இருந்து பாத்தா வயிறு மட்டுந்தானுங்கண்ணா தெரியும்," என்றார். "வயித்தப் பாத்து என்னங்க பண்றது?"

அவர் முதலாளியின் மருமகள். கோயம்புத்தூரில் விமானப் பொறியியல் படித்தவர். படித்து முடித்த வருஷமே கல்யாணம் ஆகிவிட்டது. யூனிட்டில் இருந்த டிசைனர் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட, புது ஆள் வரும்வரை பார்த்துக்கொள்ளட்டும் என்று முதலாளி இவரைக் கொண்டுவந்து உட்கார வைத்தார். பிறகு புது ஆளை யாரும் தேடவில்லை. இவர் விளையாட்டாக வரைந்த ஒரு விமானம், குழந்தைகள் டீ-ஷர்ட்டுக்குப் பெரிய ஆர்டரைக் கொண்டுவந்துவிட்டது.

அந்த விமானம் எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. நீளமான, தட்டையான உடம்பு. சளி பிடித்த குழந்தையைப் போல மூக்கு ஒழுகிக்கொண்டிருக்கும். கீழே ஒரு வாளி. கண் இரண்டும் வானத்தைப் பார்க்கும்.

"ஏன் மேடம் ஒழுகுது?" என்று கேட்டேன்.

"நெசமாலுமே ஒழுகுமுங்கண்ணா. அது பறக்கற வேகத்துல ஒடம்பு பூராவும் கொதிக்கும். கொதிச்சா உலோகம் விரியுமில்லீங்களா? அதனால தகட்டையெல்லாம் இடைவெளி விட்டுத்தான் பூட்டியிருப்பாங்க. மேல போயி சூடேறுனா எல்லாம் ஒண்ணோடொண்ணு சேந்துக்கும். தரையில நிக்கறப்ப எண்ணெய் சொட்டிக்கிட்டே இருக்கும்."

"ஒழுகுத விமானத்த யாராவது வச்சிருப்பாவளா?"

"தரையிலதானுங்க ஒழுகுது," என்றார் அவர். "அது தரையில நிக்கறதுக்குச் செஞ்சதில்லீங்க."

எந்த விமானத்தை எடுத்தாலும் அவர் முதலில் முகம் வரைய மாட்டார். வெட்டு மேஜையில் மிஞ்சிய காகிதத்தில் அதன் உள்பாகத்தைப் பென்சிலால் போட்டுப் பார்ப்பார். ரெக்கை எங்கே மடங்குகிறது, காற்று எங்கே நுழைகிறது, ஓட்டுகிறவர் எப்படி உட்காருவார் என்றெல்லாம் கோடு கோடாக இருக்கும். "மொதல்ல இதுக்கு எங்க வலிக்குதுன்னு தெரியோணுமுங்க. மூஞ்சி தன்னால வரும்," என்பார். இதைத் தினமும் ஒரு தடவையாவது சொல்லுவார்.

மனிதர்களிடமும் அவர் அப்படித்தான். ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனியாக ஒரு பிலிம், அதை வைத்து ஒரு ஸ்கிரீன் என்பதுதான் எங்கள் வேலை. பிலிமின் ஓரத்தில் நிறத்தின் பெயரை ஆங்கிலத்தில் அடித்திருப்பார்கள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். ஆங்கில எழுத்தைப் பார்த்தால் பக்கத்து மேஜைக்காரர் என்ன எடுக்கிறார் என்று ஓரக்கண்ணால் பார்த்துவிட்டுத்தான் மையை எடுப்பேன். பல வருஷம் யாருக்கும் தெரியாமல் அப்படியே ஓட்டியவன். அவர் வந்த சில நாளிலேயே பிலிமின் ஓரத்தில் நீலம், மஞ்சள், சிவப்பு என்று தமிழில் வர ஆரம்பித்தது. என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை, சொல்லவுமில்லை.

குழந்தைகள் துணியில் துப்பாக்கி, குண்டு எதுவும் இருக்கக் கூடாது என்று, துணி வாங்கும் வெளிநாட்டு பையர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். போர் விமானத்தில் அதையெல்லாம் கழற்றுவதில் மேடத்துக்கு ஒரு வருத்தமும் இல்லை. "அதையெல்லாம் கழட்டிட்டா பாவம், இதுகளும் நம்மளாட்டத்தானுங்க," என்று சிரிப்பார். சண்டை வருவது சிரிப்பு விஷயத்தில்தான். எக்ஸ்போர்ட் கம்பெனிக்காக ஆர்டரைக் கவனிக்க வரும் மெர்ச்சண்டைசர் ஒவ்வொரு தடவையும் கேட்பார்.

"மேடம், கொஞ்சம் ஹேப்பியா போட முடியுங்களா?"

"இது ஹேப்பியா இல்லீங்களே."

"பொம்மைதானுங்க மேடம்."

"பொம்மைக்குச் சிரிப்பு வந்தா போட்டுத் தர்றேனுங்க."

முதலாளிக்கு அந்தப் பேச்சைக் கேட்டால் பெருமை தாங்காது. யார் வந்தாலும் கண்ணாடி அறைக்குக் கூட்டி வந்து, "எங்க ஊட்டு மருமக வரைஞ்சதுங்க. வேற எவனும் இப்படி வரைய முடியாது," என்பார். மருமகளுக்கென்றே அந்த அறைக்கு ஏசி போட்டுக் கொடுத்தார். மத்தியானம் அவர் சாப்பிட்டாரா என்று ஆள் விட்டுக் கேட்பார். குரல் உயர்த்தி ஒரு நாளும் பேசியதில்லை. அந்த அறைக்கு மூன்று பக்கம் சுவர், ஒரு பக்கம் எங்களைப் பார்த்த கண்ணாடி. வெளியே பார்க்க ஜன்னல் கிடையாது. ஜன்னல் வைத்தால் வெளித் தூசி உள்ளே வந்துவிடும் என்று முதலாளிதான் வேண்டாம் என்றார். அதுவும் அக்கறையில் சொன்னதுதான்.

பெங்களூரில் ஆளில்லாத சின்ன விமானங்கள் செய்கிற இடத்தில் அவரோடு படித்த தோழி ஒருவர் வேலை பார்த்தார். இவரையும் அங்கே கூப்பிட்டுக்கொண்டிருந்தார். ஒவ்வொரு தடவை அழைப்பு வரும்போதும் இங்கே ஒரு ஆர்டர் ஓடிக்கொண்டிருக்கும். "இது முடியட்டும் அம்முணி," என்பார் முதலாளி. முடிவதற்குள் அடுத்தது வந்துவிடும். இவர் நன்றாக வரைய வரைய ஆர்டர் வந்துகொண்டே இருந்தது. மட்டமாக வரையவும் இவருக்குத் தெரியவில்லை.

கடைசியாக வந்த அழைப்பில் நாள் குறித்துவிட்டார்கள். வருகிற வெள்ளிக்கிழமை நேரில் வந்தால் வேலை, வராவிட்டால் வேறு ஆளை எடுத்துக்கொள்வோம் என்று. இதை அவர் என் மேஜைக்குப் பக்கத்தில் நின்றுதான் முதலாளியிடம் சொன்னார். ஷெட்டில் எல்லோருக்கும் கேட்டது.

"போலாம் அம்முணி. நா வேண்டாம்னா சொல்றேன்?" என்றார் முதலாளி. "வியாழக்கெழம லோடு ஏறிப்போச்சுன்னா வெள்ளிக்கெழம காலையில நானே வண்டியெடுக்கறேன். இவனையும் கூட்டிட்டுப் போலாம்." இவன் என்றது தன் மகனை, அதாவது அவருடைய கணவரை. தையல் பகுதியைப் பார்த்துக்கொள்கிற சாதுவான மனிதர். அவர், "அப்பா சொன்னா செரிதாங்க," என்று மனைவியைப் பார்த்துத் தலையாட்டினார்.

அந்த வியாழக்கிழமை லோடுக்கு மேடம் வரைந்திருந்தது ஒற்றைக் கண் விமானம். கடற்படைக்காக எப்போதோ செய்தது என்றார். இரண்டு பேர் போவார்கள். ஓட்டுகிறவருக்கு மட்டும் மேலே கண்ணாடிக் கூண்டு. அதுவும் நடுவில் இல்லை, ஒரு பக்கமாகத் தள்ளி இருக்கும். மற்றவர் அடுத்த பக்கத்தில், பள்ளத்துக்குள் உட்கார்ந்திருப்பார். தலைக்கு மேலே மூடி. கையகலத்துக்கு ஒரு ஜன்னல்.

"அவரு ஏன் மேடம் இருட்டுக்குள்ள?"

"ரேடார் திரையப் பாக்கோணுமில்லீங்களா? வெளிச்சம் பட்டா அது தெரியாது. எதிரி எங்க வர்றான்னு கண்டுபிடிக்கறதே அவருதான். வழி சொல்றதும் அவருதான். ஆனா வானத்த அவரு பாக்க முடியாதுங்க."

அந்த விமானம் நேராக நம்மைப் பார்த்து வருகிற மாதிரி வரைந்திருந்தார். நமக்கு வலது பக்கத்தில் பெரிய ஒற்றைக் கண். இடது பக்கத்தில் கண் இருக்க வேண்டிய இடத்தில் மூடிய இமை மாதிரி ஒரு கோடு. அந்தக் கோட்டைப் போட அவருக்கு இரண்டு நாள் ஆனது.

இன்னொன்றையும் அந்த வாரமே வரைந்து கண்ணாடியில் ஒட்டியிருந்தார். முட்டை மாதிரி ஒரு குட்டி விமானம். மூக்கில் கொக்கி. ஒரு பெரிய விமானத்தின் வயிற்றுக்குள் தொங்கிக்கொண்டு போகும். வேண்டும்போது அவிழ்த்துவிடுவார்கள். வேலை முடிந்ததும் பறந்து வந்து அந்தக் கொக்கியாலேயே மாட்டிக்கொள்ள வேண்டும். அதற்குச் சக்கரமே கிடையாது.

முதலாளி அதை ரொம்ப நேரம் பார்த்தார். "ஏன் அம்முணி, சக்கரமில்லாம எப்படி எறங்கும்?"

"எறங்க முடியாதுங்க மாமா. தாய் வயித்துக்கே திரும்பி வரோணும்."

"அப்ப நல்லதுதான போ. தாய்கிட்டயே பத்திரமா இருக்கட்டும்."

"இல்லீங்க மாமா. தாய்க்கு அடியில காத்து சொழட்டும். கிட்டப் போகப் போகத் தள்ளிவுட்டுரும். ஓட்டிப் பாக்கறப்ப பாதித் தடவ கொக்கி மாட்டவே இல்லீங்க. வயிறு ஒரசத் தரையிலதான் எறங்குச்சு."

"அட பாவமே," என்றார் முதலாளி உண்மையாகவே வருத்தப்பட்டு. "எதுக்குக் கெளம்புனதோ."

திங்கட்கிழமை வெள்ளகோவிலில் சொந்தக்காரர் வீட்டுச் சீர் விசேஷம். மருமகள் வராவிட்டால் நன்றாக இருக்காது என்று அவரைக் காலையிலேயே கூட்டிப் போய்விட்டார்கள். வழக்கமாக முதல் பீஸை அவர் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகுதான் ஓட்டுவோம். அன்றைக்குச் சூப்பர்வைசர் பார்த்தார். நிறம் சரி, அளவு சரி, ஓட்டுங்கள் என்றார். ஓட்டினோம்.

செவ்வாய்க்கிழமை காலையில் அவர் வந்தார். மேஜை மேல் வரிசையாக ஈரத்தோடு கிடந்த பீஸ்களைப் பார்த்தபடியே நடந்தவர் என் பக்கத்தில் நின்றுவிட்டார். ஒரு பீஸில், அந்தக் கண்ணின் மேல், விரலை வைத்தார். ஈர மையைத் தொடக் கூடாது என்று எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தவரே அவர்தான்.

"கலர் மட்டமா இருக்கா மேடம்?"

"கலரு நல்லா இருக்குதுங்கண்ணா."

அதற்குள் முதலாளி வந்துவிட்டார். "என்ன அம்முணி, எல்லாம் செரியா இருக்குதா? நாளான்னிக்கு ஏறிருமல்ல?"

அவர் காய வைக்கும் மெஷினைத் திரும்பிப் பார்த்தார். அடித்த பீஸ்கள் அதற்குள் அந்தப் பக்கம் குவிந்துகிடந்தன. மறுபடி அடிப்பதென்றால் துணி வெட்டுவதிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். லோடு வியாழக்கிழமை ஏறாது.

"செரியா இருக்குதுங்க மாமா," என்றார்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு எல்லோரும் போன பிறகு, நான் கழுவிக்கொண்டிருந்த நீல ஸ்கிரீனைக் கேட்டு வாங்கினார். ஸ்கிரீனின் ஓரத்தை டேப் ஒட்டி மூடித்தான் எங்களுக்குக் கொடுப்பார்கள். அந்த டேப்பை உரித்தார். அடியில் ஏதோ எழுத்து இருந்தது.

"படிங்கண்ணா."

தமிழ் மாதிரி இருந்தது, ஆனால் படிக்க வரவில்லை. எனக்கு முகம் சுட்டது. அவர் ஸ்கிரீனைத் திருப்பி, பின்பக்கமாக வெளிச்சத்தில் பிடித்தார். நீலம்.

பிலிமைத் திருப்பி வைத்துவிட்டார்கள். ஸ்கிரீன் எடுக்கும் அறைக்கு அந்த மாதம்தான் புதிதாக ஒரு பீகார்க்காரர் வந்திருந்தார். வேலை தெரிந்தவர். ஓரத்து எழுத்து நேராகத் தெரிகிறதா என்று பார்த்துத்தான் பிலிமை வைக்க வேண்டும். அவருக்கு இந்தி தெரியும், ஆங்கிலம் கொஞ்சம் தெரியும். தமிழ் எழுத்து நேராக இருந்தாலும் திரும்பியிருந்தாலும் அவருக்கு ஒன்றுதான். எல்லா நிறத்துக்கும் அதே மாதிரி திருப்பி வைத்ததால் படம் ஒன்றோடொன்று அச்சாகப் பொருந்திவிட்டது. வேறு எந்த விமானமாக இருந்திருந்தாலும் இடமும் வலமும் ஒரே மாதிரி இருக்கும், தப்பே இல்லை. இந்த ஒன்றுக்குத்தான் கண் ஒரு பக்கம்.

"எனக்காவ தமிழ்ல எழுதப் போயித்தான..." என்று ஆரம்பித்தேன். அவர் முடிக்க விடவில்லை.

"ரெண்டு பேரும் எடம் மாறி உக்காந்துட்டாங்க, பாத்தீங்களாண்ணா? பொழுதுக்கும் இருட்டுல கெடந்த ஆளு வெளிச்சத்துக்கு வந்துட்டாரு." சிரித்தார். அந்தச் சிரிப்பு பாதியில் நின்றது. "ஒரு தடவ வந்துட்டுப் போகட்டுமுங்க. வெள்ளிக்கெழம வரைக்கும் யாருகிட்டயும் சொல்லீராதீங்க."

நான் யாரிடம் சொல்லப்போகிறேன்? தலையாட்டினேன். அவர் விரலில் ஒட்டியிருந்த நீலத்தைத் துணியால் துடைத்துக்கொண்டே போனார். சாயங்காலம் வீட்டுக்குக் கிளம்பும்போதும் துடைத்துக்கொண்டிருந்தார்.

லோடு வியாழக்கிழமை ஏறியது.

வெள்ளிக்கிழமை காலை நான் வரும்போது கார் கழுவி வாசலில் நின்றது. சொன்ன சொல்லை முதலாளி காப்பாற்றிவிட்டார் என்று நினைத்தேன். மேடம் சுங்குடிச் சேலை கட்டி, தோளில் பையோடு நின்றுகொண்டிருந்தார். கணவர் டிக்கியைத் திறந்துகொண்டிருந்தார். அப்போது முதலாளி போனைக் காதில் வைத்தபடியே ஷெட்டுக்குள் வந்தார். பேசி முடித்ததும் எங்கள் எல்லோரையும் கை காட்டிக் கூப்பிட்டார்.

"போட்டோ பாத்துப்போட்டு பையரு கூப்புட்டுட்டானுங்க! அந்த ஒத்தக்கண்ணு திரும்பவும் வேணுமாம். அதாட்டவே இன்னும் நாலு மூஞ்சி வேணுமாம். ஏனுங்க, யாராச்சும் ஒருத்தரு போயி இனிப்பு வாங்கிட்டு வாங்க." பிறகு அவரைப் பார்த்துத் திரும்பினார். "உன்ற கை ராசி அம்முணி. ஒரே ஒரு மாசம். பெங்களூரு எங்கயும் ஓடிப்போவாது."

"மாமா," என்றார் அவர். "அந்தப் பிரிண்டு தப்புங்க."

அவர் ஒரு பீஸை எடுத்து விரித்துப் பிடித்து, கூண்டு எந்தப் பக்கம் இருக்க வேண்டும், எந்தப் பக்கம் வந்திருக்கிறது என்று சொன்னார். தனக்குச் செவ்வாய்க்கிழமையே தெரியும் என்றும் சொன்னார். "தெரிஞ்சே செரியா இருக்குதுன்னு சொன்னேனுங்க மாமா. என்னைய வெச்சு வரைய வேண்டாமுங்க இனி. வேற ஆளப் பாத்துக்கோங்க." கடைசி வார்த்தைகளைச் சொல்லும்போது பையின் வாரைக் கெட்டியாகப் பிடித்திருந்தார். திட்டு விழ வேண்டும் என்று எதிர்பார்த்து நிற்கிறவர் மாதிரி இருந்தது.

முதலாளி பீஸை வாங்கிப் பார்த்தார். தலையை இந்தப் பக்கம் சாய்த்தார், அந்தப் பக்கம் சாய்த்தார். பிறகு பயம் தெளிந்தவராகச் சிரித்தார்.

"அட, இதுக்கா மூஞ்சியத் தொங்கப்போட்டுட்டு நிக்கற? நா என்னமோ ஏதோன்னு பயந்துபோட்டேன். இது யாருக்குத் தெரியப்போவுது அம்முணி?"

"எனக்குத் தெரியுமுங்க மாமா."

மெல்லத்தான் சொன்னார். முதலாளியின் போன் மறுபடி அடிக்க, அவர் பேசிக்கொண்டே நகர்ந்துவிட்டார். கணவர் வந்து பையை வாங்கிக்கொண்டார். "ஒரு மாசந்தான. அப்புறம் போலாம்," என்றார். உள்ளே இருக்கிற சான்றிதழ் மடங்கிவிடாமல் பையைச் சுவரோரமாக நிமிர்த்தி வைத்தார். யாரோ எல்லோருக்கும் இனிப்பு கொடுத்தார்கள். அவரும் ஒன்று எடுத்துக்கொண்டார்.

அடுத்த வாரம் மெர்ச்சண்டைசர் வந்தார். சக்கரமில்லாத குட்டி விமானத்தைப் பார்த்துவிட்டு, குழந்தைகள் சக்கரம் எங்கே என்று கேட்கும், ரெண்டு வட்டந்தானே மேடம் என்றார். நாங்கள் சண்டைக்குக் காத்திருந்தோம். மேடம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, இரண்டு வட்டம் போட்டார். கொக்கியை அழித்தார். "சிரிப்புங்களா?" என்று அவரே கேட்டு, அதையும் போட்டுக் கொடுத்தார். நான்கு முகமும் அந்த வாரத்திலேயே முடிந்தன. நான்கும் சிரித்தன. மெர்ச்சண்டைசர் வாசல் வரை போய் மறுபடி திரும்பி வந்து, "தேங்க்ஸ் மேடம்," என்றார்.

அதற்குப் பிறகு பிலிமின் ஓரத்தில் தமிழில் நிறத்தின் பெயரும், பக்கத்தில் ஒரு அம்புக்குறியும் வந்தன. ஒற்றைக் கண் விமானம் மட்டும் திருப்பி வைத்தபடியே ஓடியது. பையர் ஒப்புக்கொண்ட பீஸ் அதுதான், ஆகவே அதுதான் சரி. ஆரம்பத்தில் மேடம் தன் கையாலேயே அடித்துப் பார்த்த, கூண்டு சரியான பக்கத்தில் இருந்த ஒரே ஒரு சாம்பிள் பீஸை என்னிடம் கொடுத்தார்.

"இத நீங்க வெச்சுக்கோங்கண்ணா. இங்க கெடந்தா யாராச்சும் இதப் போயி தப்புன்னு சொல்லிப்போடுவாங்க."

ஒரு மாதம் முடிந்தது. பெங்களூரைப் பற்றி யாரும் பேசவில்லை. அவரும் கேட்கவில்லை.

அந்த வருஷக் கடைசியில் எனக்கு வீரபாண்டியில் வேறு வேலை கிடைத்துக் கிளம்பிவிட்டேன். கிளம்புவதற்கு முந்தின நாள் என்று நினைக்கிறேன், தகரம் கடகடவென்று ஆடியது. வழக்கம்போல எல்லோரும் வாசலுக்கு ஓடினோம். திரும்பிப் பார்த்தால் என் பின்னால் அவர் நின்றுகொண்டிருந்தார். வெயிலுக்குக் கையைப் புருவத்தின் மேல் வைத்து அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு அது தாழ்வாகவே போனது. எல்லோரும் நன்றாகப் பார்த்தோம்.

மற்றவர்கள் மேஜைக்குத் திரும்பினார்கள். அவர் அப்படியே நின்றார். சத்தமும் போய்விட்டது.

"என்ன விமானம் மேடம் அது?" என்று கேட்டேன்.

கையை இறக்கிக்கொண்டார்.

"தெரியலீங்கண்ணா. வயிறுதானுங்க தெரிஞ்சுது."